அரசு ஒப்பந்தத் தொழிலாளர்க்கு வாழ்வூதியச் சட்டம்: வரைவில் இடம்பெற வேண்டியவை

சென்னை ரிப்பன் மாளிகையின் வாயிலில் 2025 ஆகஸ்ட் 1 முதல் 13 வரை தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க மாநகராட்சி மன்றம் அவ்வாண்டு ஜூன் 16 அன்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அதுவரை மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் பெற்றுவந்தவர்களுக்குப் புதிய நிறுவனத்தின்கீழ் 16,950 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், பெண்களே மிகுதி. பெருந்தொற்றுக் காலத்தில் நகரம் கதவடைத்துக் கிடந்தபோதும் தெருவில் நின்றவர்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்திக் கைது செய்தது. தனியார்மயத் தீர்மானத்தை ரத்துசெய்ய மறுத்த சென்னை உயர்நீதிமன்றமும், அவர்கள் கடைசியாகப் பெற்ற ஊதியம் காக்கப்பட வேண்டும் என்றே கருதியது.

அதே தெரு, அதே துடைப்பம், அதே குப்பை, அதே கைகள். அப்படியிருக்க, மாதம் 6,000 ரூபாய் எங்கே போயிற்று? மாறியது ஒரு காகிதம் மட்டுமே: மாநகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே எழுதப்பட்ட ஒப்பந்தம். ‘ஒப்பந்தத் தொழிலாளி’ என்று நாம் நாள்தோறும் எழுதுகிறோம். அந்த ஒப்பந்தத்தில் தொழிலாளியின் கையெழுத்து இல்லை. அவரை யாரும் கலந்து பேசவும் இல்லை. இரு தரப்பினர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின் பெயர் மூன்றாமவரான அவர்மீது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2020இல் தமிழ்நாடு அரசு ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயரைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. பெயர் உயர்ந்த அதே பணியில் ஊதியம் இறங்கியது.

அரசுக்காகவும் உள்ளாட்சி அமைப்புகளுக்காகவும் ஒப்பந்தமுறையில் உழைப்போர்க்கு வாழ்வூதியத்தை உறுதிசெய்யும் மாநிலச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையை இந்தப் பின்னணியில்தான் முன்வைக்கிறோம். அரசியல் சட்டத்தின் 43ஆவது பிரிவு தொழிலாளர் அனைவர்க்கும் வாழ்வூதியம் கிடைக்க அரசு முயல வேண்டும் என்று கூறி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. தனியார் முதலாளியை அதற்கு இணங்கவைப்பதற்கு முன், தன் பணத்தில் தானே கூலி கொடுக்கும் இடத்திலாவது அரசு அதனை நிறைவேற்ற வேண்டாமா? கோரிக்கையின் நியாயத்தைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இராது. சட்டத்தில் எதை எழுதுவது என்பதில்தான் நமது கவனம் போதாமல் இருந்துவந்திருக்கிறது. அதற்குத் தொழிலாளர்கள் கொடுத்த விலையைக் கொல்கத்தாவின் அனுபவம் காட்டுகிறது.

கொல்கத்தா கற்பித்த பாடம்

1928ஆம் ஆண்டில் இருமுறை கல்கத்தா நகரின் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முசாபர் அகமது, பிரபாவதி தாஸ்குப்தா உள்ளிட்டோர் அப்போராட்டத்திற்குத் தலைமையேற்றனர். எதிரே நின்றது வெள்ளையரின் சணல் ஆலையன்று. தேசியவாதிகள் செல்வாக்குப் பெற்றிருந்த மாநகராட்சி. மக்களின் பிரதிநிதிகள் என்போரே முதலாளியாக நிற்கும்போது என்ன நிகழும் என்பதை இந்தியத் தொழிலாளி வர்க்கம் அப்போதே கண்டுகொண்டது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் மற்றொரு வழக்கு முளைத்தது. கல்கத்தாவிலுள்ள இந்திய உருக்கு ஆணையத்தின் நான்கு சரக்குக் கிடங்குகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைத் தடைசெய்து மேற்கு வங்க அரசு 1989 ஜூலை 15 அன்று அறிவிக்கை வெளியிட்டது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டத்தின் 10ஆவது பிரிவு மாநில அரசுக்கு அந்த அதிகாரத்தை அளித்திருந்தது. ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டால், அதுவரை அங்கே உழைத்தவர்கள் நேரடித் தொழிலாளர் ஆவார்கள் என்றுதான் தொழிற்சங்கம் எதிர்பார்த்தது. கல்கத்தா உயர்நீதிமன்றமும் அவ்வாறே பணித்தது. 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றமும் அதே கருத்தைக் கொண்டிருந்தது.

2001 ஆகஸ்ட் 30 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அனைத்தையும் புரட்டிப்போட்டது. தடை அறிவிக்கை வந்ததனாலேயே தொழிலாளி தானாகப் பணியில் ஈர்க்கப்பட மாட்டார். சட்டத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை என்றது தீர்ப்பு. அந்நிறுவனத்தைப் பொறுத்தவரை உரிய அரசு மத்திய அரசே என்று கூறி 1989ஆம் ஆண்டு அறிவிக்கையையும் ரத்து செய்தது.

இத்தீர்ப்பை நாம் கண்டித்தோம், கண்டித்தது சரியே. அதனோடு ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பந்தமுறை ஒழிந்த மறுநாள் காலையில் தொழிலாளியின் நிலை என்ன என்பதை 1970ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. சட்டம் மௌனமாக இருந்த இடத்தில் நீதிமன்றம் முதலாளிக்குச் சாதகமான பொருளை எழுதிக்கொண்டது. நல்லெண்ணத்தோடு வெளியிடப்பட்ட அறிவிக்கை தொழிலாளியை வேலைக்குள் கொண்டுசெல்வதற்குப் பதிலாக வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. எனவே, நாம் கோரும் சட்டத்தில் எந்த முக்கியமான கேள்விக்கும் மௌனம் விடையாக இருத்தல் கூடாது.

இன்று கையில் இருப்பது என்ன?

ஒப்பந்தத் தொழிலாளி நிறுவனத்தின் நேரடித் தொழிலாளி செய்யும் அதே வேலையை, அல்லது அதனையொத்த வேலையைச் செய்தால், அதே ஊதியம் தரப்பட வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறின. ஆனால் இது ஒப்பந்தக்காரரின் உரிமத்திற்கான நிபந்தனையாக விதியில் இருந்ததேயன்றிச் சட்டத்தின் உடலில் எழுதப்படவில்லை. 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக அரசு ஊழியர்க்கும் உரியது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கும் முன்னர் 1982இல், டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றும், ஒப்பந்தக்காரரைக் காட்டி அரசு தப்பிக்க முடியாது என்றும் அதே நீதிமன்றம் கூறியது.

இவை நமக்குப் பயன்படும் ஆயுதங்கள். எனினும் 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் களத்தையே மாற்றியுள்ளன. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகள் பொருந்துவதற்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்தப்பட்டுவிட்டது. பணியை 49 பேர் கொண்ட துண்டுகளாக வெட்டி ஒப்பந்தம் விடுவதற்கு இனி எந்த அதிகாரிக்கும் தயக்கம் இராது. மையப் பணிகளில் ஒப்பந்தமுறை கூடாது என்று புதிய தொகுப்பு சொல்கிறது. ஆனால் துப்புரவு, காவல், உணவகம், சுமை ஏற்றி இறக்கல் போன்றவற்றை, நிறுவனம் அதற்கென்றே அமைக்கப்பட்டதாக இல்லாதவிடத்து, மையப் பணியாகக் கொள்வதில்லை. மேலும், ஒரு பணி வழக்கமாகவே ஒப்பந்தக்காரர் மூலம் நடைபெற்றுவந்தால் அதற்கும் விலக்கு உண்டு. நேற்று வரை செய்த அநீதியே இன்று அதைத் தொடர்வதற்கு உரிமமாகிவிடுகிறது.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி எளியது. நகராட்சி என்பது எதற்காக அமைக்கப்பட்டது? குப்பை அகற்றவும், குடிநீர் வழங்கவும், விளக்கெரிக்கவும்தான். மாநகராட்சிக்குத் துப்புரவு மையப் பணியன்று என்றால், மருத்துவமனைக்கு மருத்துவமும் மையப் பணியன்று. இவ்விளக்கத்தை மாநிலச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைக்க வேண்டும்.

எவ்வளவு என்பது ஊதியம்?

1948ஆம் ஆண்டின் நியாய ஊதியக் குழு ஊதியத்தை மூன்று படிகளாகப் பிரித்தது: குறைந்தபட்ச ஊதியம், நியாய ஊதியம், வாழ்வூதியம். 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு முதற்படிக்கான அளவுகோலை வகுத்தது. மூன்று நுகர்வு அலகுகள் கொண்ட குடும்பம், ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, தனியே வீட்டு வாடகை, இவற்றோடு எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு மொத்த ஊதியத்தில் 20 விழுக்காடு. சென்னையிலிருந்து எழுந்த ரெப்டகாஸ் பிரெட் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம், குழந்தைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா, முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்றது. இத்தனையும் சேர்ந்தது குறைந்தபட்ச ஊதியமே. வாழ்வூதியம் அதற்கும் மேலே நிற்பது.

நடப்பு என்ன? 2019இல் மத்திய அரசு அறிவித்த தேசியத் தளமட்டக் கூலி நாளொன்றுக்கு 178 ரூபாய். அரசே அமைத்த நிபுணர் குழு அதே ஆண்டில் 375 ரூபாய் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அதற்காகக் கலோரி அளவையும் 2,400 ஆகக் குறைத்திருந்தது. குறைத்துக் கணக்கிட்டும் வந்த தொகையைக்கூட அரசு ஏற்கவில்லை. மத்தியத் தொழிற்சங்கங்கள் கோரும் 26,000 ரூபாய் மாத ஊதியத்தைப் பேராசை என்போர் இக்கணக்கைப் பார்க்கட்டும்.

அளவுகோலிலேயே ஒரு குறையும் உண்டு. கணவன் ஓர் அலகு, மனைவி 0.8, பிள்ளைகள் இருவர்க்கும் தலா 0.6 என்பதே அந்த மூன்று அலகுகள். முதிய பெற்றோர்க்கு அதில் இடமில்லை. உழைக்கும் பெண், ஆணைவிடக் குறைவாக உண்பவள் என்ற அனுமானம் அதற்குள் புதைந்திருக்கிறது. ரிப்பன் மாளிகை வாயிலில் அமர்ந்திருந்த பெண்களுள் பலர் தம் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள். அதிகாலையில் தள்ளுவண்டி இழுக்கும் பெண்ணை 0.8 என்று எண்ணும் கணக்கை நமது வரைவு ஏற்கக் கூடாது. பெற்றோரையும் சேர்த்து, ஆண் பெண் வேறுபாடின்றி அலகுகளைக் கணக்கிட வேண்டும்.

வரைவின் உறுப்புகள்

முதலாவது, சட்டம் யாருக்கு? பதவிப் பெயரைக் கொண்டு வரையறுத்தால் அரசு நாளையே புதுப்பெயர் சூட்டிவிடும். கொல்கத்தா மாநகராட்சியில் ‘நூறு நாள் தொழிலாளர்’, மேற்கு வங்கக் காவல்துறையில் ‘சிவிக் வாலண்டியர்’, தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு உறுப்பினர், நாடெங்கும் மதிப்பூதியம் பெறும் ‘ஆஷா’ என்று பெயர்கள் பெருகியபடியே இருக்கின்றன. அரசின், உள்ளாட்சியின், அரசு நிறுவனத்தின் பணியை யார் எந்தப் பெயரில், எவர் வழியாகச் செய்தாலும் அவர் இச்சட்டத்திற்குரிய தொழிலாளி என்று வரையறை அமைய வேண்டும். ஆள் எண்ணிக்கை வரம்பு எதுவும் கூடாது.

இரண்டாவது, ஊதிய அளவு. மேற்கூறிய முறையில் கணக்கிட்ட வாழ்வூதியம், அல்லது அதே பணியிலுள்ள நிரந்தரத் தொழிலாளியின் தொடக்க ஊதியம், இவற்றுள் எது அதிகமோ அது. விலைவாசிப் புள்ளியை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை தானாக உயர வேண்டும். அமைச்சரின் அறிவிப்புக்காகக் காத்திருக்கும் ஊதியம், தேர்தல் ஆண்டில் மட்டுமே உயரும்.

மூன்றாவது, ஒப்பந்தப்புள்ளி. சட்டத்தின் உயிர்நாடி இதுவே. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், மிகக் குறைந்த புள்ளியையே ஏற்கப் பணிக்கிறது. சிமெண்டும் கம்பியும் எல்லார்க்கும் ஏறத்தாழ ஒரே விலை. குப்பை அள்ளும் பணியில் செலவின் பெரும்பகுதி கூலியே. அங்கே குறைந்த புள்ளி என்பதன் பொருள் குறைந்த கூலி, அல்லது ஐந்து பேர் வேலையை மூவரிடம் வாங்குதல். ஆகவே ஊதியமும் ஆள் எண்ணிக்கையும் போட்டிக்கு வெளியே வைக்கப்பட வேண்டும். அவற்றை அரசே நிர்ணயித்து ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் எழுதிவிட வேண்டும். ஒப்பந்தக்காரர் தமது சேவைக் கட்டணத்தில் மட்டுமே போட்டியிடலாம்.

இதில் ஒரு சட்ட நன்மையும் உண்டு. தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் உள்ளது. மத்தியத் தொகுப்போடு முரண்படும் மாநிலச் சட்டத்திற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படும். அரசு தன் கொள்முதலுக்கு நிபந்தனை விதிப்பதோ மாநிலத்தின் சொந்த அதிகாரத்தைச் சார்ந்தது. குறைந்தபட்சத்திற்கு மேல் கொடுப்பதை எந்த மத்தியச் சட்டமும் தடுக்கவில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில் நியாய ஊதிய நிபந்தனை நெடுங்காலமாகவே இருக்கிறது. எனவே வாழ்வூதியச் சட்டத்தோடு தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தையும், மற்ற மாநிலங்களில் உரிய கொள்முதல் விதிகளையும் சேர்த்தே திருத்தக் கோர வேண்டும்.

நான்காவது, தொடர்ச்சி. ஒப்பந்தக்காரர் மாறினாலும் தொழிலாளியும், அவர் கடைசியாகப் பெற்ற ஊதியமும், பணிமூப்பும் மாறாமல் தொடர வேண்டும். ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்டால் அவர் அந்த நாள் முதல் முதன்மை வேலையளிப்பவரின் நேரடித் தொழிலாளி ஆவார் என்று சட்டமே சொல்ல வேண்டும். கொல்கத்தா கிடங்குத் தொழிலாளர்க்கு இல்லாமற்போனது இந்த ஒரு வாக்கியம்தான்.

ஐந்தாவது, பொறுப்பும் கண்காணிப்பும். ஊதியம் அரசிடமிருந்து நேராகத் தொழிலாளியின் வங்கிக் கணக்கிற்குச் செல்ல வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. பணம் எடுத்த கையோடு மேஸ்திரிக்குப் பங்கு கொடுக்கும் நிலை பல இடங்களில் உண்டு என்பதை நமது தோழர்கள் அறிவார்கள். ஊதியப் பட்டியலும் வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ செலுத்திய விவரமும் மாதந்தோறும் வார்டு அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். அவற்றைச் சோதிக்கும் உரிமை தொழிற்சங்கத்திற்கு வேண்டும். புகார் கொடுத்தவரை நீக்கினால் அது பழிவாங்கலன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலையளிப்பவருடையது. ஊதியம் திருடிய ஒப்பந்தக்காரருக்கு மாநிலத்தில் எங்கும் மீண்டும் ஒப்பந்தம் கிடையாது.

இரு ஆட்சேபங்கள்

வாழ்வூதியம் கேட்பது ஒப்பந்தமுறையை ஏற்றுக்கொள்வதாகிவிடாதா என்று நமது அணிகளுக்குள்ளேயே கேட்கப்படுகிறது. நியாயமான ஐயம். நிரந்தரமே நமது கோரிக்கை; அதிலிருந்து நாம் விலகவில்லை. 24 மாதங்களில் 480 நாள் பணியாற்றியவர்க்கு நிரந்தரத் தகுதி அளிக்கும் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரிமைகளை இச்சட்டம் எவ்வகையிலும் குறைக்காது என்ற பிரிவும் வரைவில் இருக்க வேண்டும். அதே வேளை, ஒப்பந்தமுறை எதனால் வளர்கிறது என்பதை எண்ணிப்பார்ப்போம். நிரந்தரத் தொழிலாளியின் கூலிக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலிக்கும் இடையிலுள்ள வேறுபாடே அதன் உணவு. அவ்வேறுபாடு அற்றுவிட்டால் ஒப்பந்தக்காரரை நடுவில் வைத்துக்கொள்ள அரசுக்குக் காரணம் இராது. 1864இல் முதல் அகிலத்தின் தொடக்க உரையில் மார்க்ஸ் பத்து மணி நேரச் சட்டத்தை வெறும் சீர்திருத்தம் என்று ஒதுக்கவில்லை; தொழிலாளி வர்க்கப் பொருளாதாரம் பெற்ற வெற்றியாகவே மதித்தார்.

பணம் எங்கே என்பது மற்றோர் ஆட்சேபம். பெங்களூருவில் 2025 மே நாளன்று 12,000க்கும் மேற்பட்ட துப்புரவுத் தொழிலாளர்க்கு நிரந்தரப் பணி ஆணை வழங்கப்பட்டது. அதனால் அந்நகரம் திவாலாகிவிடவில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1994இலேயே நகராட்சி ஒப்பந்தங்களுக்கு வாழ்வூதிய விதி இயற்றியது. வேலைக்குப் போகிறவர்களே இலவச உணவுக்கூடங்களில் வரிசையில் நிற்பதைக் கண்ட தேவாலயத்தாரும் தொழிற்சங்கமும் சேர்ந்து அதை வென்றனர். தனியார்மயத்தால் மாநகராட்சி மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் தொகை வானத்திலிருந்து விழுவதன்று. அது தொழிலாளியின் அடுப்பிலிருந்தும் அவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலிருந்தும் எடுக்கப்படுவது. உள்ளாட்சிகளுக்கு நிதி போதாதென்றால் மாநில, மத்திய அரசுகளிடம் கேட்கட்டும். நாமும் உடன் நின்று கேட்போம்.

வென்றதைக் காப்பதும் தனிப் போராட்டமே. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அரசு ஒப்பந்தங்களுக்கான நியாய ஊதியத் தீர்மானத்தை 1891இல் நிறைவேற்றியது. 1983இல் தாட்சர் அரசு அதை ரத்து செய்தது. 1949இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதே பொருளில் உருவாக்கிய 94ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை.

நமது பணி

தமிழ்நாட்டுக்கும் மேற்கு வங்கத்துக்கும் கேரளத்துக்கும் 2026 சட்டமன்றத் தேர்தல் ஆண்டு. ஒவ்வொரு கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் தூய்மைப் பணியாளர்க்கு இரண்டு வரி இரக்கம் இருக்கும். இரக்கத்தைச் சட்டப் பிரிவாக மாற்றும் பொறுப்பு நம்முடையது.

இதில் நாம் தற்சோதனையும் செய்துகொள்ள வேண்டும். ஒரே அலுவலகத்தில் நிரந்தரத் தொழிலாளர் சங்கத்தின் பலகையும் ஒப்பந்தத் தொழிலாளரின் கண்ணீரும் பல்லாண்டுகள் அருகருகே இருந்திருக்கின்றன. ஓய்வுபெறும் ஒவ்வொரு நிரந்தரத் தொழிலாளியின் இடத்திலும் ஒப்பந்தத் தொழிலாளி வந்தமர்ந்தபோது, அது நம் சங்கத்தின் பிரச்சினையன்று என்று வாளாவிருந்த இடங்கள் உண்டு. இடதுசாரிகள் ஆட்சியிலிருந்த மாநிலங்களும் இதற்கு விலக்கல்ல. அந்த மௌனத்தையும் நாம் கலைக்க வேண்டும்.

வரைவை வழக்கறிஞர்களின் மேசைக்கு மட்டும் விட்டுவிடலாகாது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் ஓர் அரசு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளட்டும்: நகராட்சியின் குப்பை வண்டி, அரசு மருத்துவமனையின் துப்புரவு, மின்வாரியத்தின் கம்பப் பணி, எதுவாயினும் சரி. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். அதில் ஒரு தொழிலாளிக்கென அரசு கொடுக்கும் தொகை எவ்வளவு, தொழிலாளியின் கைக்கு வருவது எவ்வளவு, ஆவணத்தில் எத்தனை பேர், தெருவில் எத்தனை பேர் என்று எழுதிவையுங்கள். அத்தொழிலாளர்களோடு அமர்ந்து வரைவின் ஒவ்வொரு பிரிவையும் படித்துக்காட்டுங்கள். தப்பிக்கும் ஓட்டை எங்கே இருக்கிறதென்பதை நம்மைவிட அவர்கள் நன்கறிவார்கள்.

ரிப்பன் மாளிகை வாயிலிலிருந்து இரவோடிரவாக அகற்றப்பட்டவர்கள் கேட்டது சலுகையன்று. நேற்றுப் பெற்ற கூலியை இன்றும் கொடு என்பதே. அதைக்கூட உறுதிசெய்ய இயலாத சட்டங்களின் இடத்தில், அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு புதியதொரு சட்டத்தை எழுதுவோம்; அதை நிறைவேற்றும்வரை போராடுவோம்.